மீன்பிடி வள்ளத்துக்கு ஏற்ற மோட்டார் எது?

பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கை, தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டலால் இன்று கடலை விட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறது. ஆறு கடலில் கலக்கும் புன்னைக்காயல் பகுதியில்தான் இப்போது வள்ளங்களும் ஃபைபர் படகுகளும் கடலுக்குப் புறப்படுகின்றன. இங்குள்ள மீனவர்கள் மோட்டார் வாங்கும்போது முதலில் கேட்பது, "எத்தனை குதிரைத்திறன்?" என்பதே. ஆனால் முதலில் கேட்க வேண்டியது, "என் படகு ஒரு நாளில் என்ன வேலை செய்கிறது?" என்பதாகும்.

இரண்டு வேகங்கள்

தூண்டிலை ஓட்டத்திலேயே இழுத்துச் சீலா, சூரை போன்ற மீன்களைப் பிடிக்கும் படகுக்கு இரண்டு வேகங்கள் தேவை. மீன் கிடைக்கும் இடத்துக்குப் போய்த் திரும்ப ஒரு வேகம். தூண்டில் இழுக்க மணிக்குச் சுமார் 3 முதல் 6 கடல் மைல் வரையிலான மெதுவான வேகம். பெரிய டூ ஸ்ட்ரோக் மோட்டாரை மணிக்கணக்கில் மெதுவாக ஓட்டினால் எண்ணெய் முழுவதும் எரியாமல் ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். இயந்திரம் திணறி நின்றுவிடும். ஆகவே தூண்டில் தொழிலே பிரதானம் என்றால் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் அல்லது சிறிய டீசல் இயந்திரம் மேலானது.

திறனுக்கு ஓர் எல்லை

கனமான மர வள்ளம் தண்ணீரை விலக்கிக்கொண்டு செல்வது. அதன் நீர்மட்ட நீளம் 25 அடி என்றால், மணிக்குச் சுமார் 6.7 கடல் மைல், அதாவது 12 கிலோமீட்டருக்குச் சற்று மேல், அதன் இயல்பான உச்ச வேகம். அதற்கு மேல் எவ்வளவு திறன் சேர்த்தாலும் அலை எழுப்புவதற்கே பெரும்பகுதி செலவாகும். உச்சத்தை நெருங்கும்போது வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், தேவைப்படும் திறன் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். லேசான ஃபைபர் படகு தண்ணீர் மேல் எழும்பி விரைவாக ஓடக்கூடியது. ஆனால் வலையும் பனிக்கட்டியும் ஏற்றிய பிறகு அதுவும் கனமான படகைப் போலவே நடந்துகொள்ளும்.

எரிபொருள் கணக்கு

முழுத் திறனில் ஓடும்போது ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு டீசல் இயந்திரம் சுமார் கால் லிட்டரும், டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் மோட்டார் சுமார் அரை லிட்டரும் குடிக்கும். 8 குதிரைத்திறன் மோட்டார் 5 மணி நேரம் முழு வீச்சில் ஓடினால் டீசல் 10 லிட்டர். பெட்ரோல் 20 லிட்டர். மோட்டாரின் விலையை ஒரு முறைதான் கொடுக்கிறோம். எரிபொருள் செலவு தினமும் வரும். கடன் வாங்கி மோட்டார் வாங்குவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது இன்றியமையாதது. டீசல் இயந்திரம் கனமானது, விலையும் அதிகம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தண்டும் இறக்கையும்

அவுட்போர்டு மோட்டாரின் தண்டு பொதுவாக 15 அங்குலம், 20 அங்குலம் என இரண்டு நீளங்களில் கிடைக்கும். படகின் பின்பலகை உயரத்தை அளந்த பிறகே வாங்க வேண்டும். தண்டு குட்டையாக இருந்தால் அலையில் புரொப்பல்லர் காற்றை இழுத்துச் சும்மா சுழலும். மிக நீளமாக இருந்தால் ஆற்றுவாய் மணல் திட்டில் இடிக்கும். எளிதில் மேலே தூக்கி நிறுத்தும் வசதியுள்ள மோட்டார் இவ்விடத்துக்கு ஏற்றது.

கனமான படகுக்குச் சரிவு குறைந்த இறக்கையுள்ள புரொப்பல்லரே பொருத்தம். வழக்கமான பாரத்துடன் முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். கையேட்டில் குறித்த சுழற்சி எண்ணிக்கையை மோட்டார் எட்டவில்லை என்றாலோ, டீசல் இயந்திரம் கரும்புகை கக்கினாலோ, இறக்கையின் சரிவு அதிகம் என்று அறியலாம்.

மின் மோட்டார்

குளத்திலும், ஓட்டமில்லாத ஆற்று நீரிலும் சிறு படகுக்கு பேட்டரி மோட்டார் நன்றாக உழைக்கும். பாரத்துடன் படகின் எடை 500 கிலோ என்றால் குறைந்தது 22 பவுண்டு தள்ளுவிசை வேண்டும். காற்றோ நீரோட்டமோ இருந்தால் அதைப்போல் இரு மடங்கு வேண்டும். 12 வோல்ட்டில் 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் செலவழிக்கக் கூடாது. எனவே 100 ஆம்பியர்-மணி பேட்டரி முழு வேகத்தில் ஒரு மணி நேரமே தாங்கும். மெதுவாக ஓட்டினால் பல மணி நேரம் வரும். உப்பு நீருக்கென்று செய்த மோட்டாரையே கழிமுகத்தில் பயன்படுத்த வேண்டும். இதை மட்டும் நம்பிக் கடலுக்குப் போகக் கூடாது.

எதை விடக் கூடாது?

கையில் காசு குறைவாக இருந்தால் விளக்கு, மின்சார ஸ்டார்ட்டர் போன்றவற்றைப் பிறகு வாங்கலாம். ஓட்டுபவர் தவறி விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கயிற்று ஸ்விட்சை மட்டும் விடக் கூடாது. கச்சான் காலத்தில் தரையிலிருந்து வீசும் காற்று, இயந்திரம் நின்ற படகை வெளிக்கடலுக்குத் தள்ளிவிடும். அதனால் ஒரு பெரிய மோட்டாருக்குப் பதில், நடுத்தர மோட்டார் ஒன்றும் சிறிய மோட்டார் ஒன்றும் வைத்துக்கொள்வது நல்லது. சிறியது தூண்டில் இழுக்கும். ஆபத்தில் கரை சேர்க்கும். இரண்டுக்கும் தனித்தனி எரிபொருள் கலன் வேண்டும். ஒரே கலனில் தண்ணீர் கலந்துவிட்டால் இரண்டுமே நின்றுவிடும். துடுப்பையும் கரையில் விட்டுச் செல்லக் கூடாது.

தினமும் கரை வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு மோட்டாரின் உட்பக்கத்தை அலசவும். படகின் அடியில் ஒட்டும் சிப்பிகளையும் பாசியையும் சுரண்டி எடுக்கவும். அவையும் எரிபொருளைத் தின்பவையே. உதிரி பாகமும் பழுது பார்ப்பவரும் பக்கத்தில் கிடைக்கும் மோட்டாரையே தேர்ந்தெடுக்கவும். பணம் கட்டுவதற்கு முன், மானியம் உண்டா என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்து கொள்ளவும்.