காயத்துக்குத் திகதி இல்லை

ஒக்டோபர் 31 வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் இறந்த நாள் இல்லை. ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில், கற்சிலைமடுவில் பிரித்தானியர் கல் ஒன்றை நட்டிருந்தார்கள். 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி, இவ்விடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதுதான் அந்தக் கல் தந்த செய்தி. கொன்றதாக அதில் இல்லை. ஆனாலும் கல்லில் இருந்த திகதியையே பிடித்துக்கொண்டு, அன்றுதான் அவன் விழுந்தான் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். வவுனியாவில் கச்சேரிக்குப் பக்கத்தில் நிற்கும் சிலைக்கு மாலை போடுகிறோம். அதே 1803இல் ஓகஸ்ட் 25ஆம் திகதி அவன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பீரங்கிகளைக் கைப்பற்றினான் என்பதால், அந்த நாளை வெற்றி நாளாகக் கொண்டாடும் வழக்கமும் வந்திருக்கிறது.

கற்சிலைமடுவோடு அவன் கதை முடியவில்லை. பின்னரும் அடங்காமல் திரிந்து, இன்னொரு மோதலில் காயப்பட்டு, 1811இல் பனங்காமத்தில் உயிர் பிரிந்தது என்பது வன்னி வரலாறு எழுதியவர்கள் பலர் ஏற்கும் செய்தி. கல் நட்டவர்களுக்குச் சண்டை முடிந்த நாள் போதுமாக இருந்தது. காயத்தோடு கிடந்தவனின் கடைசிக் காலம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நமக்கும் அது தேவைப்படாமல் போனதுதான் என்னை உறுத்துகிறது. பனங்காமத்தில் அவன் கண் மூடிய நாள் எது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

இருநூறு ஆண்டுக்கு முந்திய ஒருவனைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வன்னியின் கலண்டரில் நினைவு நாள்களுக்குக் குறைவில்லை. டிசம்பர் 26 வந்தால் முல்லைத்தீவுக் கரையில் 2004இன் கடற்கோளுக்கு விளக்கு. ஓகஸ்ட் 14 வந்தால் 2006இல் வள்ளிபுனம் செஞ்சோலையில் குண்டுவீச்சில் மாண்ட மாணவிகளுக்குப் பூ. நவம்பர் 27 மாலை 6.05க்குக் கனகபுரத்தில் மாவீரருக்குச் சுடர். எல்லாவற்றுக்கும் மேலாக மே 12 முதல் 18 வரை, 2009 போரில் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களுக்கு ஒரு கிழமை. இவை எல்லாமே இறந்தவர்களின் நாள்கள், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் காயப்பட்டுப் பிழைத்தவர்களுக்கு இந்தக் கலண்டரில் ஒரு கட்டம்கூட இல்லை. பத்து வருடம் படுக்கையில் கிடந்து, புண் அழுகி, சிறுநீரகம் பழுதாகி இறந்தவர் 2009ஆம் ஆண்டுக் கணக்கிலும் சேர்வதில்லை. அவருடைய மரணச் சான்றிதழில் நோயின் பெயர் இருக்கும், செல் விழுந்த நாள் இருக்காது.

திகதி என்பது வன்னி வீடுகளில் சின்ன விடயம் இல்லை. செத்த வீடு என்றால் எட்டுச் செலவு, 31இல் அந்தியேட்டி, ஆண்டு திரும்பத் திவசம் என்று எல்லாம் திதியில்தான் நிற்கும். 2009 மே 18 வைகாசி மாதத்துத் தேய்பிறை நவமி. அன்று போனவர் என்று உறுதியாகத் தெரிந்த வீட்டில் ஐயரைக் கூப்பிட்டுத் திதி கொடுக்கிறார்கள். இராணுவத்திடம் கையில் பிடித்துக் கொடுத்தவர் திரும்பி வராத வீட்டில் எந்தத் திதியைச் சொல்வது? ஆடி அமாவாசைக்குப் பிள்ளை விரதம் பிடித்தால் தகப்பன் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் பிள்ளையை விரதம் பிடிக்க விடாமல், தானும் பொட்டை அழிக்காமல் இருக்கும் தாய்மாரைக் கிளிநொச்சியில் எந்தத் தெருவிலும் காணலாம். அவர்களுக்கு வருடத்தில் ஒரு நாள் என்று இல்லை, எல்லா நாளும் அதே நாள்தான். 2017 பெப்ரவரி 20இல், தங்கள் ஆட்கள் எங்கே என்று கேட்டு, கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். நான்கு நாளில் வவுனியாவில் இன்னொரு பந்தல் எழுந்தது, மார்ச்சில் முல்லைத்தீவில் மற்றொன்று. அன்றிலிருந்து எண்ணினால் 3,000 நாள்கள் 2025 மே மாதத்தோடு கடந்துவிட்டன. பந்தலில் உட்கார்ந்தே காலமான தாய் தகப்பன்மார் பலர்.

காயப்பட்டவர்களை விட்டுவிடுவதில் மே மாதத்துக் கஞ்சியும் கலண்டரைப் போலத்தான். பச்சைத் தண்ணீரில் அரிசியைப் போட்டு, உப்பிட்டு, பால் விடாமல் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள். சந்தியில் நின்று குடிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளை முகம் சுளிக்கும், ருசி என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. 2009இல் அந்தக் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோதே செல் விழுந்து செத்தவர்கள் உண்டு, காயப்பட்டவர்களும் உண்டு. செத்தவர்களுக்காக நாம் குடிக்கிறோம். காயப்பட்டவர்களில் சிலர் அந்தச் சந்தியிலேயே, நமக்குப் பின்னால், மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து சிரட்டையை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

2009இன் முதல் மாதங்களில் ஆஸ்பத்திரிகளே இடம்பெயர்ந்தன. கிளிநொச்சியில் இருந்து தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, வள்ளிபுனம், புதுக்குடியிருப்பு, கடைசியில் மாத்தளன் பள்ளிக்கூடம், பிறகு முள்ளிவாய்க்கால். பெப்ரவரி 10இல் இருந்து மே முதல் கிழமை முடியும்வரை சர்வதேச செஞ்சிலுவைக் குழு கப்பலில் ஏற்றிக்கொண்டுபோன காயக்காரர், நோயாளர், கூடப் போன உறவினர் ஏறத்தாழ 14,000 பேர். முதலில் திருகோணமலைக்கும் பிறகு இந்திய மருத்துவக் குழு கூடாரம் அடித்திருந்த புல்மோட்டைக்கும் கொண்டு போனார்கள். கடற்கரை மணலில் ஸ்ட்ரெச்சரை வைத்துவிட்டு வள்ளத்துக்குக் காத்திருந்ததை அந்த 14,000 பேரும் மறக்க மாட்டார்கள். அவர்களில் சிலர் பிறகு எங்கெங்கோ போனார்கள்: சூரிச், பரிஸ், லண்டன், ரொறன்ரோ, சென்னை. இப்போது மே மாதம் வந்தால் அவர்கள் விமானம் ஏறி ஊருக்கு வருகிறார்கள், உடம்புக்குள் இரும்போடு.

வன்னியில் அதைப் பீஸ் என்போம். எனக்கு ஒன்றுவிட்ட அண்ணை ஒருவர் இருக்கிறார், மாத்தளனில் காயப்பட்டவர். இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் ஒரு பீஸ், தொடைக்குள் சின்னதாக இன்னும் சில. சுவிஸில் இருந்து வரும் ஒவ்வொரு முறையும் கைப்பையின் முன் அறையில் பிளாஸ்டிக் உறை ஒன்று இருக்கும். உள்ளே மடித்த கடிதம், எக்ஸ்ரே படத்தின் சிறு பிரதி. விமான நிலையத்தில் வாசல் சட்டத்தைக் கடக்கும்போது அது கத்தும். கையில் பிடிக்கும் கருவியைக் கொண்டுவந்து உடம்பு முழுக்கத் தடவுவார்கள். இடுப்புக்கு வந்ததும் திரும்பவும் கத்தும். அண்ணை உறையை எடுத்து நீட்டுவார். “பேப்பர் பாக்கேக்க அவங்கட முகம் மாறும் தம்பி. அதுதான் எனக்குப் பிடிக்காதது. பாவம் பாக்கிற முகம்” என்றார் ஒருமுறை. இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் வருடா வருடம் வர வேண்டும் என்று கேட்டேன். “பதினெட்டாம் திகதி காலமை பத்தரைக்கு விளக்குக் கொளுத்தேக்க நான் அங்க நிக்க வேணும்” என்பதைத் தவிர வேறு பதில் அவரிடம் இல்லை.

இப்படி வருபவர்களும் அவர்களை ஏற்றி அனுப்பும் வீட்டாரும் தெரிந்திருக்க வேண்டிய சில விடயங்களை யாரும் ஓரிடத்தில் சேர்த்துச் சொல்வதில்லை. அதற்காகவே இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

பழைய பீஸ் உடம்பில் இருப்பதால் மட்டும் விமானம் ஏறக் கூடாது என்றில்லை. சதைக்குள் உறைந்துபோன இரும்பைக் காற்றழுத்தம் ஒன்றும் செய்யாது. வைத்தியர்கள் அதை எடுக்காமல் விட்டதும் கவலையீனம் அல்ல, தோண்டி எடுப்பதால் வரும் சேதம் விட்டுவைப்பதைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதால்தான். மூட்டுக்குள் இருந்தால், நரம்பை அழுத்தினால், சீழ் கட்டினால் மட்டுமே எடுப்பார்கள். ஈயம் கலந்த சன்னம் மூட்டு நீரில் ஊறிக் கிடந்தால் ஈயம் மெல்ல இரத்தத்தில் கலக்கும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கச் சொல்லி வைத்தியரிடம் கேட்கலாம்.

விமான நிலையத்தில் கத்துவது உலோகம் காணும் சட்டம். இரண்டு கையையும் தூக்கி நிற்கச் சொல்லும் கண்ணாடிக் கூண்டு ஸ்கானர் உடுப்புக்கும் தோலுக்கும் இடையில் உள்ளதைத்தான் காட்டும், உடம்புக்குள் இருப்பது அதில் தெரியாது. ஒன்றில் கத்தி மற்றதில் ஒன்றும் தெரியாமல் போகும்போது குழப்பம் வரும். கையில் கடிதம் இருந்தால் அது சீக்கிரம் தீரும். அந்தக் கடிதத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. காந்தத்தால் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. அறைக்குள் இரும்புத் துண்டோடு போனால் அது நகரலாம், சூடாகலாம். கண்ணிலும் முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலும் இருப்பது மிக ஆபத்து. வெளிநாட்டில் திடீரென்று மயங்கி விழுந்தவரின் உடம்பில் என்ன இருக்கிறது என்று அவசர அறை வைத்தியருக்கு எப்படித் தெரியும்? கடிதத்தை ஆங்கிலத்திலும், வாழும் நாட்டு மொழியிலும் வைத்திருப்பது நல்லது.

புதுக் காயம் என்றால் சங்கதி வேறு. ஊருக்கு வந்த இடத்தில் ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் முறிவது வருடா வருடம் நடக்கிறது. மாவுக்கட்டோடு மறுநாளே ரிக்கெட் இருக்கிறது என்று அவசரப்படுவார்கள். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம், அதாவது நுவரெலியாவுக்கும் பீதுருதாலகால உச்சிக்கும் இடைப்பட்ட உயரம். அங்கே உடம்புக்குள் அடைபட்ட காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரியும். காலும் வீங்கும். கட்டுப் போட்டு 48 மணித்தியாலம் ஆகாமல் நீண்ட விமானப் பயணம் போவதென்றால் கட்டை நீளவாக்கில் பிளந்துவிடச் சொல்வார்கள், இல்லாவிட்டால் இறுகி இரத்த ஓட்டம் நின்றுபோகும். நெஞ்சுக்கூட்டில் காற்று கசிந்த நுரையீரல் முழுதாக விரிந்து ஆறும்வரை பறக்கக் கூடாது. கண் சத்திரசிகிச்சையில் உள்ளே வாயு செலுத்தியிருந்தால் அது கரையும்வரை கூடவே கூடாது, பார்வையே போய்விடும். இதை எல்லாம் முடிவு செய்யத்தான் விமானக் கம்பனிகள் மெடிஃப் என்று ஒரு படிவம் வைத்திருக்கின்றன. வைத்தியர் நிரப்பிக் கொடுக்க வேண்டும். படுத்த நிலையில் போக வேண்டியவருக்குப் பல இருக்கைகளை மடித்து ஸ்ட்ரெச்சர் பூட்டுவார்கள். செலவு கடுமையாக இருக்கும், கூட ஆளும் போக வேண்டும்.

செயற்கைக் கால் போட்டவர்கள் நீண்ட பயணத்தில் சுகத்துக்காகக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். குறைகால் வீங்கி, இறங்கும்போது திரும்பப் போட முடியாமல் தவிப்பது யாழ் ஜெய்ப்பூர் நிறுவனத்தில் கால் வாங்கியவர்களிடம் கேட்டாலே தெரியும். தளர்த்தலாம், முழுதாகக் கழற்றாமல் இருப்பது நல்லது.

முள்ளந்தண்டில் அடிபட்டவர்களின் பாடுதான் மிகப் பெரியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்கு இருக்கையின் மடிப்பு குத்துவது தெரியாது. பத்து மணித்தியாலம் அசையாமல் இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிடும். அது ஆற மாதக்கணக்கு, சிலருக்கு அதுவே கடைசி நோய். காற்று மெத்தைக் குஷனை விமானத்துக்குள்ளும் கொண்டுபோய் அதன் மேல்தான் உட்கார வேண்டும், காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும், கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். இதைச் செய்யத் தெரியாமல் ஒருவர்கூட விமானம் ஏறக் கூடாது. பனங்காமத்துக்குக் கிழக்கே, மாங்குளத்தில், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே நடத்தும் ‘உயிரிழை’ அமைப்பு இருக்கிறது. புண் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்லித்தரக் கூடியவர்கள் வன்னியில் இல்லை. மே மாதம் வெளிநாட்டில் இருந்து வருகிற ஒவ்வொருவரும் முள்ளிவாய்க்காலுக்குப் போகும் வழியில் அங்கே இறங்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். நீர்க்குழாய், கையுறை, குஷன் என்று அவர்களுக்கு நாளாந்தம் தேவைப்படுகிற சாமான்களின் பட்டியலை முதலே கேட்டு வாங்கி, பயணப் பெட்டியில் அதற்கு இடம் ஒதுக்கலாம்.

நினைவேந்தல் ஒழுங்கு செய்பவர்களிடம் ஒரு கோரிக்கை. மே 18 அன்று பெயர் சொல்லும்போது, 2009க்குப் பிறகு காயத்தால் இறந்தவர்களின் பெயர்களையும், அவர்கள் காயப்பட்ட நாள், இறந்த நாள் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கான பட்டியலைக் கிராமம் கிராமமாக இப்போதே எழுதத் தொடங்கலாம். செலவு ஒரு கொப்பியும் பேனையும்தான். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு மணலில் பலகை போட்டுப் பாதை அமையுங்கள், முன்வரிசையில் நிழலில் இடம் விடுங்கள்.

வருகிற மே மாதம் பயணம் வைத்திருக்கும் காயக்காரர்கள் வைத்தியரின் கடிதத்தைத் தை மாதத்திலேயே கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி வேண்டும் என்பதை விமானக் கம்பனிக்குக் குறைந்தது 48 மணித்தியாலம் முன்னர் சொல்லிவிடுங்கள். சென்னையில் இருந்து வருபவர்களுக்குப் பலாலி விமான நிலையம் கிட்ட. அங்கே வந்து போவது சிறிய விமானம், படியேறித்தான் உள்ளே போக வேண்டி வரும். தூக்கி ஏற்ற ஆள் இருக்கிறதா என்று ரிக்கெட் போட முதலே கேளுங்கள். கட்டுநாயக்கவில் இறங்குபவர்கள் இரவோடு இரவாக வாகனத்தில் கிளிநொச்சி வந்து சேர அவசரப்படாமல், வழியில் ஓரிடத்தில் நிறுத்தி, மல்லாந்து படுத்து முதுகுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வாருங்கள்.