அக்கரை மாணவரோடு ஓர் உரையாடல்

திருமலைராயன்பட்டினம் என்ற பெயரைக் கேட்டதும் தமிழறிந்தோர் நெஞ்சில் முதலில் தோன்றுபவர் காளமேகப் புலவரே. 15-ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் அரசு செலுத்திய திருமலைராயனின் அவையிலே, அதிமதுர கவிராயரும் அவரைச் சூழ்ந்திருந்த அறுபத்து நான்கு தண்டிகைப் புலவர்களும் காளமேகத்தை எமகண்டம் பாட அழைத்தனர் என்பது வழிவழி வந்த கதை. கீழே கொதிக்கும் கொப்பரை. மேலே சங்கிலியில் தொங்கும் உறி. புலவரைச் சுற்றிலும் கத்தி. கேட்ட கேள்விக்குக் கேட்ட நொடியில் பாட்டால் விடையிறுக்க வேண்டும். தவறினால் உயிர் போகும். காளமேகம் வென்றார். ஆயினும் அவை அவருக்கு உரிய மதிப்பளிக்கவில்லை. மனம் நொந்த புலவர் ஊரின்மேல் மண்மாரி பொழியுமாறு வசை பாடிச் சென்றார் என்பர்.

தமிழ் உள்ளளவும் நிற்கும் கதைதான். எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அவையிலே அத்தனை கல்விமான்கள் கூடியிருந்தும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டது யாது? வாதம் நடந்தது, உரையாடல் நடக்கவில்லை. வென்றவரும் மகிழவில்லை, தோற்றவரும் தேறவில்லை. ஊருக்குக் கிடைத்ததோ சாபம்.

இப்பழங்கதையை இங்கே நினைவுகூரக் காரணம் உண்டு. ஒரு நாட்டுப் பள்ளி மாணவர் தம் வகுப்பறையில் அமர்ந்தவாறே வேறொரு நாட்டு மாணவரைத் திரையிலே கண்டு, போரும் அமைதியும், வறுமை, சமயம், சுற்றுச்சூழல் போன்ற உலகப் பிரச்சினைகளைக் குறித்துப் பேசும் முறை சில பத்தாண்டுகளாக வளர்ந்து வருகிறது. காணொளிக் கருவி இதற்கு ஒரு வாயில் மட்டுமே. வாயிலைத் திறந்து உள்ளே நுழைபவர் எமகண்டம் பாட வருகிறாரா, மனம் விட்டுப் பேச வருகிறாரா என்பதே நம் பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிப் பார்க்க வேண்டியது.

இம்முயற்சிக்கு நெடிய வரலாறு உண்டு. 1988-ஆம் ஆண்டு, அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒன்றையொன்று ஐயத்தோடு நோக்கிய காலத்தில், நியூயார்க் மாநிலத்துப் பள்ளிகள் பன்னிரண்டும் மாஸ்கோ நகரத்துப் பள்ளிகள் பன்னிரண்டும் மின்தொடர்பால் இணைக்கப்பட்டன. ஐயேர்ன் என்று இன்று பல நாடுகளிலும் பரவியுள்ள அமைப்புக்கு அதுவே வித்து. அக்காலத்தில் தெளிவான அசையும் படம் ஏது! தொலைபேசிக் கம்பி வழியே நிழற்படம் ஒன்று மெல்ல மெல்லத் திரையில் ஊர்ந்து வரும். அந்த மங்கலான முகத்தைக் கண்டே இரு நாட்டுப் பிள்ளைகளும், தமக்குப் பகைவர் என்று சொல்லப்பட்டவர் தம்மைப் போன்ற மாணவரே என்று அறிந்தனர்.

நம் நாட்டிலும் வானவழிக் கல்வி புதிதன்று. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையால் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடங்கள் சென்றன. ஆனால் அது ஒருவழிப் பாதை. கிராமம் கேட்டது; பேசவில்லை. 2004 செப்டம்பர் 20 அன்று கல்விக்கெனவே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எடுசாட் செயற்கைக்கோள், மாணவரும் மறுமொழி கூறும் இருவழி வகுப்புகளுக்கு வழி செய்தது. 2010-ஆம் ஆண்டு அதன் பணி முடிந்தது. அதற்குள் இணையம் பரவத் தொடங்கிவிட்டபடியால் வகுப்பறைகளை இணைக்கத் தனிச் செயற்கைக்கோள் வேண்டும் என்ற நிலையே மாறிற்று.

2009-ஆம் ஆண்டு, பிரித்தானியாவின் முன்னாள் பிரதமர் டோனி பிளேயர் நிறுவிய அறக்கட்டளை 'ஃபேஸ் டு ஃபெய்த்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. பல்வேறு சமயங்களைச் சார்ந்த, 12 முதல் 17 வயதுக்குட்பட்ட மாணவர் காணொளி வழியே சந்தித்துத் தத்தம் நம்பிக்கைகளையும் உலகப் பிரச்சினைகளையும் பற்றிப் பேச வேண்டும் என்பது அதன் நோக்கம். இந்தியப் பள்ளிகளும் அதில் பங்குகொண்டன. பிளேயரின் அரசியலைக் குறித்து, சிறப்பாக ஈராக் போரைக் குறித்து, நமக்கு என்ன கருத்து இருப்பினும், அத்திட்டம் மாணவருக்குக் கற்பித்த ஒரு முறையைப் பாராட்டாதிருக்க இயலாது. வாதத்தில் ஒருவர் வெல்வார், மற்றவர் தோற்பார். உரையாடலில் தோற்பவரே இல்லை என்று முதலில் சொல்லிக்கொடுத்தனர். 'எங்கள் மதத்தவர் அனைவரும் இவ்வாறே எண்ணுவர்' என்று பேசாமல், 'நான் இவ்வாறு எண்ணுகிறேன்' என்று பேசப் பழக்கினர். பயிற்சி பெற்ற ஒருவர் நடுவிலிருந்து, வாய் திறவாத மாணவருக்கும் வாய்ப்பு வாங்கித் தருவார். அதிமதுர கவிராயரின் அவையில் இப்படி ஒருவர் இருந்திருப்பின் இவ்வூருக்கு மண்மாரிச் சாபம் நேர்ந்திராது!

கத்தோலிக்கத் திருச்சபையும் இத்துறையில் பின்தங்கி நிற்கவில்லை. தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாகப் புனித கிளாராவைத் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் அறிவித்ததை நம்மில் முதியோர் அறிவர். நோயால் படுத்திருந்த அப்புனிதை, தொலைவிலுள்ள கோவிலில் நடந்த கிறிஸ்மஸ் வழிபாட்டைத் தம் அறைச் சுவரிலேயே கண்டார் என்ற மரபே அதற்குக் காரணம். நம் காலத்தில் திருத்தந்தை பிரான்சிஸ், ஸ்கோலாஸ் என்னும் பள்ளிகள் இணைப்பு இயக்கத்தை ஊக்குவித்தார். 2014 செப்டம்பர் 4 அன்று வத்திக்கானில் இருந்தவாறே ஐந்து கண்டங்களின் இளைஞரோடு காணொளியில் உரையாடினார். 2015 பிப்ரவரி 5 அன்று மீண்டும் அவ்வாறு உரையாடியபோது, எதிரே இருந்தவர்கள் உடற்குறை உடைய பிள்ளைகள். இந்தியப் பிள்ளையும் அவர்களுள் இருந்தார். படம் எடுத்துக் கணினியில் ஏற்றுவதில் விருப்பம் உண்டா என்று ஒரு சிறுமி கேட்க, தமக்குக் கணினியைக் கையாளவே தெரியாது என்று திருத்தந்தை ஒளிவின்றிச் சொன்னார். அச்சிறு ஒப்புதல் பிள்ளைகளை எவ்வளவு நெருக்கமாக்கியிருக்கும்! தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒருவர் முன்வந்தால் உரையாடல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. 2023 செப்டம்பரில் தெற்காசியப் பல்கலைக்கழக மாணவரோடும் அவர் இவ்வாறு பேசினார். அவருக்குப் பின்வந்த திருத்தந்தை 14-ஆம் லியோவும் 2025 நவம்பரில் அமெரிக்க இளைஞர் மாநாட்டினரோடு காணொளி வழியே கேள்வி-பதில் நடத்தினார்.

இவையெல்லாம் பெரிய நகரத்துப் பெரிய பள்ளிகளுக்கே உரியவை, ஆங்கிலம் தெரியாத நம் ஊர்ப் பிள்ளைக்கு இதில் என்ன பங்கு என்று ஒரு தாய் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடையாகக் காளிக்குப்பத்தைச் சுட்ட விரும்புகிறேன். பெயர் நம் கடற்கரைக்குப் புதியதன்று. பேராசிரியர் சுகதா மித்ரா, 1999-இல் புதுதில்லி கால்காஜியில் ஒரு சேரியை ஒட்டிய சுவரில் கணினியைப் பதித்து, பிள்ளைகள் தாமே கற்பதைக் கண்டவர். பின்னர் காளிக்குப்பம் என்ற தமிழ்ச் சிற்றூரிலும் அவர் சோதித்துப் பார்த்தார். ஆசிரியர் எவரும் இல்லை. தெருவோரக் கணினியில் உயிர்மூலக்கூறு பற்றிய ஆங்கிலப் பாடங்கள் மட்டுமே இருந்தன. தொடக்கத்தில் ஒன்றும் அறியாதிருந்த பிள்ளைகள் சில மாதங்களில் நூற்றுக்கு முப்பது அளவுக்கு வந்தனர். அதன்பின் அப்பாடம் அறவே அறியாத ஓர் இளம்பெண் அவர்களுக்குத் துணையாக அமர்த்தப்பட்டாள். அவள் செய்ததெல்லாம் பாட்டியைப் போல் பின்னால் நின்று, 'அடடே, இது என்ன? எப்படிச் செய்தாய்? எனக்கும் சொல்' என்று வியந்து கேட்டது மட்டுமே. மதிப்பெண் ஐம்பதாக உயர்ந்தது. 2010-இல் வெளிவந்த ஆய்வறிக்கை, இப்பிள்ளைகள் தில்லியின் சிறந்த தனியார் பள்ளி மாணவரோடு ஒப்ப நின்றனர் என்கிறது.

இச்சோதனையைக் கொண்டு ஆசிரியரே வேண்டாம் என்று முடிவு கட்டுவோர் உண்டு. அது எனக்கு உடன்பாடன்று. அந்த இளம்பெண்ணின் வியப்பே மீதி இருபதைத் தந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். காணொளி உரையாடலுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். நன்றாக ஆங்கிலம் பேசும் இரண்டு மாணவரை முன்வரிசையில் அமர்த்தி, மற்றவரைப் பின்னணிக் காட்சியாக்கும் பள்ளிகளைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். அது உரையாடலன்று, அலங்கார விழா.

மொழியைக் கண்டு அஞ்சுவோர் தமிழிலேயே தொடங்கலாமே! மலேசியாவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. இலங்கையின் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் நம்மைப் போன்ற கடலோரப் பிள்ளைகள் பயில்கின்றனர். காரைக்கால் வட்டாரத்திலிருந்து பிரான்சு நாட்டில் குடியேறிய குடும்பங்கள் எத்தனை! அங்குள்ள பேரனோடு திரையில் பேசாத பாட்டி இவ்வூரில் அரியர். ஆக, தொலைதேசத்து முகத்தைத் திரையில் காண்பது நம் இல்லங்களுக்குப் பழகிய செயலே. 'சாப்பிட்டாயா' என்பதற்கு அப்பால் அப்பேச்சு செல்வதில்லை என்பதுதான் குறை.

அப்பால் சென்று எதைப் பேசுவது? உலகப் பிரச்சினை என்றதும் நம் பிள்ளைகள் செய்தித்தாளைத் தேடுகின்றனர். தேட வேண்டியதில்லை. காவிரியின் கடைமடையில் வாழ்பவர்கள் நாம். மேலே நீர் குறைந்தால் முதலில் வாடுவதும், மேலே வெள்ளம் பெருகினால் இறுதியில் அதைத் தாங்குவதும் இந்நிலமே. கிணற்று நீர் உவர்ப்பாவதையும், கடல் கரையை அரிப்பதையும் பட்டினச்சேரி மீனவர் பிள்ளை எவரிடமும் கேட்டு அறிய வேண்டியதில்லை. வங்காளதேசத்துக் கழிமுகப் பிள்ளையும், கடலைத் தடுத்து நிலம் காக்கும் நெதர்லாந்துப் பிள்ளையும் அதே பாடத்தை வேறு பக்கத்திலிருந்து படிக்கின்றனர்.

இவற்றினும் நெருங்கிய பொருள் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸ் மகிழ்ச்சி அடங்காத காலை. நம் நேரப்படி 6 மணி 29 நிமிட அளவில் சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலம் பிளந்தது. அரைமணிக்குள் ஆச்சே கரை அழிந்தது. ஆழிப்பேரலை நம் கரையை வந்தடைய இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக் கரைகளில் நின்றவர்களுக்கு ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. இன்று ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இருக்கிறது. 2007 அக்டோபரில் அமைந்தது. கருவிகள் பேசிக்கொள்கின்றன. ஆனால் இரு கரைப் பிள்ளைகளும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.

பேசினால் என்ன கிடைக்கும் என்பீர்களாயின், சிமெலூ என்னும் தீவைக் கேளுங்கள். சுமத்ராவுக்கு மேற்கே, நிலநடுக்கம் பிறந்த இடத்திற்கு மிக அண்மையில் உள்ள தீவு அது. அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 78,000 பேர். அன்று மாண்டோர் எழுவர் மட்டுமே. 1907-இல் அத்தீவு ஒரு பேரலையைக் கண்டது. அதை 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, நிலம் வலிதாய் அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்று பாட்டிமார் தாலாட்டிலும் கதையிலும் சொல்லிவந்தனர். எச்சரிக்கைக் கருவி ஒன்றும் அங்கில்லை. அதே நாளில் தாய்லாந்துக் கடற்கரையில், பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி, இரு வாரங்களுக்கு முன் பள்ளியில் படித்த புவியியல் பாடத்தைக் கொண்டு கடலின் மாற்றத்தை உணர்ந்து பெற்றோரிடம் சொல்ல, அக்கரையில் இருந்தோர் உயிர் தப்பினர்.

சிமெலூத் தீவு மாணவரிடம் நம் மாணவர் கேட்க வேண்டியவை எத்தனையோ! அத்தாலாட்டு இன்றும் பாடப்படுகிறதா? கைப்பேசி கண்ட தலைமுறை அதைக் கேட்கிறதா? அவர்கள் நம்மிடம் கேட்கவும் இருக்கிறது. அவ்வலைக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்லி வளர்த்தோம் என்று அவர்கள் கேட்டால் நம் பிள்ளை தன் பாட்டியிடம் சென்று வினவித்தான் விடையளிக்க வேண்டும். பல வீடுகளில் அந்நாளைப் பற்றிப் பேசுவதே இல்லை. துயரின் மிகுதியால் மூடிவைத்த பெட்டி அது. அயல்நாட்டு மாணவன் ஒருவனின் கேள்வி அதைத் திறக்கக்கூடும். திறக்கும்போது ஆசிரியரும் குடும்பத்தாரும் அருகே இருத்தல் வேண்டும்.

ஏற்பாடுகளைப் பற்றியும் ஒரு சொல். படம் மங்கினாலும் பேச்சு தொடரும், ஒலி கெட்டால் எல்லாம் கெடும். ஆகவே கேமராவைவிட நல்ல மைக்குக்குச் செலவிடுவது மேல். பிள்ளைகளின் முழுப்பெயரும் முகவரியும் திரையில் தோன்றலாகாது. பெற்றோர் இசைவின்றிப் பதிவு செய்தலும் ஆகாது. முதற் சந்திப்பு அரைமணி போதும். இரண்டாவது சந்திப்பு கட்டாயம் வேண்டும், ஏனெனில் முதலாவதில் எல்லோரும் நல்ல உடையோடும் மனப்பாடத்தோடும் வருவர்.

மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே என்று தயங்க வேண்டா. சுமத்ராவின் மேடான் நகரில் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். அங்கே 2005-இல் எழுந்த அன்னை வேளாங்கண்ணித் திருத்தலத்தை அறியாத கத்தோலிக்கர் அத்தீவில் இலர். தமிழும் இந்தோனேசிய மொழியும் ஒருங்கே அறிந்தவரை அந்நகரில் தேடலாம். நாம் 'கப்பல்' என்பதை அவர்களும் 'காபால்' என்றே சொல்கின்றனர். இலண்டன் பள்ளியோடு பேச நாம் பிற்பகல் வரை காத்திருக்க வேண்டும். நியூயார்க்கோடு பேச இரவாகிவிடும். சிமெலூவின் கடிகாரமோ நமக்கு ஒன்றரை மணி நேரமே முந்தியது. திருமலைராயன்பட்டினத்தில் காலை 10 மணி அடிக்கும்போது அங்கே பதினொன்றரை. இரண்டு ஊரிலும் பள்ளி நடந்துகொண்டிருக்கும் வேளை.