ஏரிப் பனிக்கட்டியும் யந்திரப் பனிக்கட்டியும்

தன் தொழிலில் நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றுவந்த ஒரு வர்த்தகம், அந்தத் தேர்ச்சியின் உச்சத்திலேயே எப்படி அழிந்துபோகும் என்பதை அறிய விரும்புவோர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து நடந்த பனிக்கட்டி வியாபாரத்தின் சரித்திரத்தைப் படிக்கவேண்டும். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் ‘ஐஸ் ஹவுஸ்’ அந்தப் பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காகவே 1840-களில் எழுந்ததாதலால், அச்சரித்திரம் நமக்கும் அந்நியமானதன்று.

இவ்வியாபாரத்தைத் தொடங்கிய ஃபிரெடரிக் டியூடர், 1806-ல் மார்ட்டினிக் தீவுக்கு முதல் சரக்கை அனுப்பியபோது ஊரார் நகைத்தனர். பின்னர்க் கடனுக்காகச் சிறைவாசமும் அவருக்கு நேர்ந்தது. ஆயினும் மனந்தளராத அம்மனிதர், மர அறுவை ஆலைகளில் வீணே குவிந்து கிடந்த மரத்தூளைக் கட்டிகளைச் சுற்றி அடைத்து உஷ்ணத்தைத் தடுத்தும், போதிய சரக்கின்றிப் புறப்படும் கப்பல்களில் குறைந்த கூலிக்கு இடம் பிடித்தும், குளிர்ந்த பானத்தை அறியாத ஊர்களில் முதலில் இலவசமாகவே கொடுத்து ருசியை உண்டாக்கியும், இல்லாத சந்தை ஒன்றைச் சிருஷ்டித்தார். 1825-ல் நத்தானியல் வையத் என்பவர் குதிரைகள் இழுக்கும் பனிக்கலப்பையை அமைத்ததும் உறைந்த ஏரியில் கட்டி வெட்டும் செலவு வெகுவாகக் குறைந்தது. 1833-ல் ‘டஸ்கனி’ என்னும் கப்பல் சுமார் 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டு, நான்கு மாத யாத்திரைக்குப் பின் கல்கத்தாவை அடைந்தபோது, ஏறக்குறைய 100 டன் உருகாமல் இருந்தது! சாமர்த்தியம் என்பதற்கு இதனினும் சிறந்த திருஷ்டாந்தம் வேண்டுவதில்லை.

இதற்கிடையே ஃபுளோரிடாவில் ஜான் கோரி என்னும் வைத்தியர், ஜுர நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க வேண்டும் என்ற கருணையினால் ஆராய்ச்சி செய்து, பனிக்கட்டி செய்யும் யந்திரத்துக்கு 1851-ல் காப்புரிமை பெற்றார். மூலதனம் கிடைக்காமல், நான்கே ஆண்டுகளில் அவர் வறுமையில் இறந்தார். அக்காலத்து யந்திரங்கள் அடிக்கடி பழுதாகுபவை. அவை தரும் கட்டியோ விலை மிகுந்தது. ஆகவே ஏரி வியாபாரிகள் அவற்றைப் பொருட்படுத்தாததை மடமை என்று நான் சொல்லமாட்டேன். அன்றைய கணக்குப்படி அவர்கள் சொன்னதே சரி.

ஆனால் கணக்கு மாறிக்கொண்டே இருந்தது. பாஸ்டனில் மலிவாக இருந்த ஏரிக்கட்டி, பாதி உலகத்தைச் சுற்றிவந்து சென்னையில் இறங்கும்போது விலை ஏறியிருக்குமன்றோ? குறைபாடுள்ள யந்திரமும் போட்டியிட்டு நிலைக்கக்கூடிய இடம் அதுவே. 1874-ல் சென்னையில் யந்திரப் பனிக்கட்டிக் கம்பெனி ஒன்று தோன்றிற்று. 1878-ல் கல்கத்தாவில் வங்காள ஐஸ் கம்பெனி வந்தது. அதன்பின் அமெரிக்கக் கட்டி இங்கே வருவது விரைவில் நின்றுபோயிற்று. புதுமை, பழைய தொழிலின் தலைவாசலை விட்டு, அதன் காவல் குறைந்த எல்லையிலேதான் முதலில் நுழைகிறது. அதே யந்திரங்கள் அங்கே பிழைத்துத் திருந்தி, நாளடைவில் ஏரிகளின் சொந்த நாட்டிலேயே அவ்வியாபாரத்தை முடித்துவைத்தன.

அந்த வணிகர்களிடம் மூலதனம் இருந்தது, கிடங்குகள் இருந்தன, ஊர்தோறும் வாடிக்கைக்காரர்கள் இருந்தனர். யந்திரக் கட்டியை விற்பதற்கும் இவையே போதுமானவை. ஆனால் அடுத்த ஏரிக்காரனையே போட்டியாளன் எனக் கருதி, கலப்பையையும் கிடங்கையும் மேலும் மேலும் செம்மைப்படுத்துவதிலேயே அவர்கள் கருத்தைச் செலுத்தினர். ஜனங்கள் விலை கொடுத்தது குளிர்ச்சிக்கே அல்லாமல் ஏரிக்கு அன்று என்பதை அவர்கள் சிந்திக்கவில்லை. ஆதலால் அவ்வீழ்ச்சியை விதியின்மேல் சுமத்த எனக்கு மனம் வரவில்லை.