கடற்கரைக்குச் செல்லும் தெரு

எமது வகுப்பு மாணவர்க்கு 'விடுமுறை நாளொன்று' என்னும் தலைப்பிலே கட்டுரை வரையுமாறு ஒருமுறை பணித்தோம். பெரும்பாலார் காரைநகரிலுள்ள கசூரினாக் கடற்கரைக்குச் சென்று நீராடியதையே எழுதியிருந்தனர். மணலும் அலையும் சவுக்க மரங்களும் எல்லாக் கட்டுரைகளிலும் இடம்பெற்றன. ஆயின் சென்ற வழியைப் பற்றி ஒருவர்தானும் ஒரு வாக்கியத்துக்கு மேல் எழுதினாரல்லர். 'வானில் ஏறினோம், கடற்கரையை அடைந்தோம்' என்பதே அவ்வாக்கியம். வானில் ஏறினார்க்கு நிலம் புலப்படாமை இயல்பே எனக் குறிப்பெழுதிக் கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்தோம். எனினும் பிழை மாணவருடையது மட்டுமன்று; அந்நிலத்தைக் காட்டாத எமக்கும் அதிற் பங்குண்டு. அக்குறையை நீக்கும் பொருட்டே இக்கட்டுரை வரையப்படுகின்றது.

யாழ்ப்பாண நகரிலிருந்து கசூரினாக் கடற்கரை ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. ஆனைக்கோட்டை, மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை, சித்தங்கேணி என்னும் ஊர்களைக் கடந்து பொன்னாலையை அடையும் தெரு, அங்கிருந்து பரவைக்கடலின் குறுக்கே சென்று காரைநகரைச் சேர்கின்றது. விடுமுறைக் காலத்திலே வான்களும் பேருந்துகளும் இதில் ஓயாது ஓடுகின்றன. ஆயினும் இது விடுமுறைக்கென அமைந்த தெருவன்று. கோயிலுக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் மருத்துவத்துக்குமாக மக்கள் நடந்த தெரு, பிற்காலத்திலே உல்லாசப் பயணத்துக்கும் உதவுகின்றது என்பதே உண்மை.

இங்கிலாந்திலே இலண்டன் மக்கள் தென்மேற்குக் கடற்கரைகளுக்கு விடுமுறை கழிக்கச் செல்லும் ஏ 303 என்னும் நெடுந்தெரு, ஸ்டோன்ஹெஞ் என்னும் தொல்பழங் கல்வட்டத்தின் அருகாற் செல்கின்றது. அங்கு வாழும் எமது பழைய மாணவர் பலர் அதனைக் கண்டிருப்பர். எமது தெருவும் அத்தகைய பழைமை இல்லாததன்று. ஆனைக்கோட்டையிலே 1980 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழ்வாய்விற் பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த ஈமப் புதையலும் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையொன்றும் வெளிப்பட்டன. ஸ்டோன்ஹெஞ்சில் நின்று படம் பிடிக்கும் நாம் ஆனைக்கோட்டையில் வண்டியின் வேகத்தைத்தானும் குறைப்பதில்லை.

அடுத்துள்ள மானிப்பாய், தமிழிலே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்த ஊர். 1847 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் இங்கு மாணவர்க்கு மருத்துவம் பயிற்றியதோடு, மருத்துவ நூல்களைத் தமிழிலே ஆக்கியும் ஆக்குவித்தும் உதவினார். அறிவியலுக்குத் தமிழ் போதாது என்பார்க்கு இவ்வூரே தக்க விடையாகும்.

மானிப்பாயைக் கடந்து எம் பகுதிக்கு வருவோர் வழுக்கையாற்றைத் தாண்டுகின்றனர். குடாநாட்டில் ஆறென்று பெயர் பெற்றது இது. கோடையில் வறண்டு கிடக்கும் இதனை ஆறென்று நம்ப வேற்றூரார் தயங்குவர். மாரியிலோ தெல்லிப்பழைப் பக்கத்து வெள்ளம் கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக ஓடி அராலிப் பக்கத்துப் பரவைக்கடலிற் கலக்கும். வழியிலே வயல்களில் தேங்கும் நீர் சுண்ணக்கற் பாறையூடாக இறங்கி எமது கிணறுகளை வளம்படுத்துகின்றது. உல்லாசப் பயணிகள் மதகிலே எறிந்து செல்லும் பிளாத்திக்குப் போத்தல்கள் இந்நீரோட்டத்தைத் தடுக்கின்றன என்பதை ஈண்டு சொல்லாது விடுதல் தகாது. சண்டிலிப்பாயிலே கோயில் கொண்ட கல்வளைப் பிள்ளையார் மீது ஒல்லாந்தர் காலத்தவரான நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் அந்தாதி பாடினார். எம் மாணவர்க்குத் தமிழ் இலக்கியம் தொலைவிலுள்ளதன்று. நடந்து செல்லும் தூரத்திலேயே உண்டு.

சங்கானை சந்தையாற் பெயர் பெற்றது. போராட்டத்தாலும் பெயர் பெற்றது. ஒரு காலத்திலே தெருவோரத் தேநீர்க் கடையில் எல்லாரும் சமமாக அமர்ந்து அருந்த இயலவில்லை. 1960களின் பிற்பகுதியிலே அக்கொடுமைக்கு எதிராகச் சங்கானையிலும் அயலிலுள்ள நிச்சாமத்திலும் மக்கள் எழுந்தனர். பெருமையை மட்டும் சொல்லிச் சிறுமையை மறைப்பது வரலாறு ஆகாது. சித்தங்கேணியிலிருந்து தெற்கே சென்றால் 1823 ஆம் ஆண்டிலே செமினரி தொடங்கிய வட்டுக்கோட்டை உண்டு. ஏட்டிலிருந்த பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அங்குப் பயின்றவரே.

பொன்னாலையில் வரதராசப் பெருமாளை வணங்கிக் கடலைக் கடந்தால் காரைநகர். முன்னர்க் காரைதீவு எனப்பட்ட இவ்வூருக்கு, கடலாடச் செல்வோர் பெருகுமுன்னரே திருவாதிரை காண ஈழத்துச் சிதம்பரத்துக்குச் செல்வோர் இருந்தனர்.

இத்தெரு துயரையும் கண்டது. 1991 ஆம் ஆண்டிலே காரைநகர் மக்கள் தம் ஊரைத் துறந்து இவ்வழியே வந்தனர். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்களின் முறை வந்தது. அப்போது மாணவராயிருந்த நாமும் மழையிலே, சைக்கிளிற் கட்டிய மூட்டையோடு, தென்மராட்சியை நோக்கி இதே தெருவில் இறங்கினோம். அன்று எதிர்த்திசையிற் செல்வார் ஒருவரையும் கண்டிலோம். அடுத்த ஆண்டு மீண்டு வந்தபோது தெரு இருந்தது. அயலார் பலர் இல்லை. ஆதலால், இன்று பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு கடற்கரைக்குச் செல்லும் வண்டியைக் காணுந்தோறும் எம் மனம் மகிழ்கின்றது. அஞ்சி ஓடிய தெருவிலே ஆடிப்பாடிச் செல்லக் கிடைத்தமை சிறு பேறன்று.

விடுமுறைக்குத் தாயகம் வரும் பழைய மாணவரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. கடற்கரைக்குச் செல்லுமுன் ஓரிடத்திலேனும் வண்டியை நிறுத்துங்கள். பிள்ளைகளை இறக்கி, இஃது இன்ன ஊர், இங்கு இன்னது நிகழ்ந்தது எனச் சொல்லுங்கள். எமது மாணவர்க்கும் அடுத்த தவணைக்குத் தலைப்பை மாற்றியுள்ளோம். கடற்கரையைப் பற்றியன்று, சென்ற வழியைப் பற்றியே அவர்கள் எழுதவேண்டும்.