சிங்கூரில் விடுபட்ட பிறப்புகளும் இறப்புகளும்

மேற்கு வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில், கொல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் சிங்கூர் என்னும் ஊர் இருக்கிறது. 1932-இல் கொல்கத்தாவில் நிறுவப்பட்ட அகில இந்திய சுகாதாரவியல், பொதுச் சுகாதாரக் கழகத்தின் மாணவர்கள் கிராமத்தில் பயிற்சி பெறுவதற்காக, ராக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் 1939-இல் இங்கே ஒரு சுகாதார நிலையம் அமைக்கப்பட்டது. பொதுச் சுகாதாரப் பட்டயப் படிப்பிற்கு வந்த மாணவர்கள் வீடு வீடாகச் சென்று மக்கள் நிலையை ஆராய்வதற்கு இந்நிலையம் களமாயிற்று.

இத்தகைய நிலையத்திற்கு முதலில் வேண்டுவது மருந்தன்று, கணக்கு. எத்தனை குழந்தைகள் பிறந்தன, அவற்றுள் எத்தனை ஓராண்டிற்குள் இறந்தன என்பது தெரியாவிடில் தாய் சேய் நலப் பணியின் பயனை அளக்க இயலாது. வங்காளக் கிராமங்களில் அக்காலத்தில் பிறப்பு இறப்புச் செய்திகளைப் பெரும்பாலும் சௌக்கிதார் என்னும் காவலரே கொண்டு சேர்த்தார். பிறந்த சில நாட்களில் மடிந்த குழந்தை பல சமயம் இரண்டு ஏடுகளிலும் இடம் பெறுவதில்லை. இதனால் ஒரு விபரீதம் நேர்கிறது: பதிவு மோசமாக உள்ள ஊரே ஆரோக்கியமான ஊராகத் தோன்றும். சுகாதார நிலையம் செவ்வனே இயங்கி, பதிவு திருந்தினாலோ, மரண விகிதம் ஏறியதாகக் காணப்படும்!

சிங்கூர்ப் பகுதியில் 1947-இல் கழகம் ஒரு விசாரணை நடத்தியது. பதிவாளரின் பட்டியல் ஒன்று. வீடுதோறும் கேட்டு எழுதிய பட்டியல் மற்றொன்று. கழகத்தின் புள்ளியியலறிஞர் சி. சந்திரசேகரனும் அமெரிக்கப் புள்ளியியலறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங்கும் இவ்விரண்டையும் ஒப்பிட்டு, இரண்டிலும் இல்லாத நிகழ்ச்சிகளையும் மதிப்பிடும் முறையை 1949-இல் வெளியிட்டனர்.

காணாததை எவ்வாறு எண்ணுவது? ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். பதிவேட்டில் 80 பிறப்புகள்; வீட்டு விசாரணையில் 90. இரண்டிலும் காணப்படுவன 72. ஆகவே பதிவேட்டில் மட்டும் உள்ளவை 8, விசாரணையில் மட்டும் உள்ளவை 18. விசாரணை கண்ட 90-இல் பதிவேடு 72-ஐ, அதாவது ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்திருக்கிறது. ஊரின் மொத்தப் பிறப்புகளிலும் அதே பங்கைப் பிடித்திருக்குமாயின், 80 என்பது மொத்தத்தில் ஐந்தில் நான்கு, மொத்தம் 100. இரண்டிலும் விடுபட்டவை 2. எட்டைப் பதினெட்டால் பெருக்கி எழுபத்திரண்டால் வகுத்தாலும் இதே விடை கிடைக்கும்.

இக்கணக்கு ஒரு நிபந்தனையின் பேரில் நிற்கிறது. இரு பட்டியல்களும் ஒன்றையொன்று அறியாமல் தயாராக வேண்டும். களத்திற்குச் செல்லும் மாணவர் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டாரைக் கேட்பாராகில், அவர் உழைப்பு வீண். பதிவேட்டின் குறையையே நகலெடுத்தவர் ஆவார். மேலும், சில நிகழ்ச்சிகள் இயல்பாகவே இரு பட்டியல்களுக்கும் தப்பக்கூடியவை. பச்சிளங்குழந்தையின் மரணம் அத்தகையது. அப்போது மதிப்பீடு உண்மைக்குக் குறைவாகவே அமையும். இதனைத் தணிக்கவே, ஊர், வயது, பால் முதலிய சிறு பிரிவுகளாகப் பிரித்துத் தனித்தனியே கணக்கிடுமாறு அவ்விருவரும் கூறினர்.

ஒப்பிடும் வேலை எளிதன்று. பெயர் சூட்டப்படாத குழந்தை, வங்காள மாதத்தில் சொல்லப்படும் தேதி, பிரசவத்திற்காகத் தாய்வீடு சென்றுவிட்ட பெண் (இவ்வழக்கம் தமிழ்நாட்டிலும் உண்டு) ஆகியவற்றால் ஒரே நிகழ்ச்சி இரண்டாகத் தோன்றும். அவ்வாறு தவறாகப் பிரிக்கப்பட்ட ஒவ்வொன்றும் மொத்தத்தை மிகைப்படுத்தும். தாய் தந்தையர் பெயர், வீடு, குழந்தையின் பால், பிறந்த மாதம் ஆகிய அனைத்தையும் குறித்துக்கொள்வது இதனாலேயே அவசியமாகிறது.

1969-70 முதல் நாடெங்கும் நடைபெற்றுவரும் மாதிரிப் பதிவு முறையும் இரு பட்டியல்களைக் கொண்டதே. ஆசிரியர் போன்ற உள்ளூர்ப் பகுதிநேரக் கணக்கெடுப்பாளர் நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து குறித்து வருகிறார். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் தனியே விசாரிக்கிறார். ஆயினும் பொருந்தாத பதிவுகளைச் சூத்திரத்திற்கு விடுவதில்லை. அந்த வீட்டிற்கே மீண்டும் சென்று கேட்டுத் தீர்க்கின்றனர்.