காம்ஃப்ரி (உரச்செடி)

காம்ஃப்ரி என்பது ஐரோப்பாவையும் மேற்கு ஆசியாவையும் தாயகமாகக் கொண்ட, பல்லாண்டு வாழும் செடியாகும். இதன் தாவரவியல் பெயர் சிம்பைட்டம் அஃபிசினேல். இது போராஜினேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டுத் தரிசு நிலங்களில் காணப்படும் கவிழ்தும்பையும் அதே குடும்பம்தான். காம்ஃப்ரியின் இலைகள் அகன்று நீண்டவை, சொரசொரப்பான மயிர்கள் நிறைந்தவை. பூக்கள் சிறு மணிகளைப் போலக் கொத்தாகத் தொங்கும். ஊதா, இளஞ்சிவப்பு, வெளிர்மஞ்சள் ஆகிய நிறங்களில் காணப்படும். வேர் தடித்தது, வெளியே கருமையாகவும் உள்ளே வெண்மையாகவும் இருக்கும். மண்ணில் ஒன்றரை மீட்டருக்கும் கீழே இறங்கவல்லது.

பிரித்தானியாவின் ஈரமான ஓடைக்கரைகளில் காம்ஃப்ரி தானாகவே வளர்கிறது. அந்நாட்டின் அலாட்மென்ட் தோட்டங்களிலோ அதை ஒரு மூலையில் வேண்டுமென்றே நட்டு வளர்க்கின்றனர். காயோ கனியோ இதிலிருந்து கிடைப்பதில்லை. இலையை வெட்டி மற்றப் பயிர்களுக்கு உரமாக இடுவதற்கே வளர்க்கிறார்கள்.

அலாட்மென்ட்

அலாட்மென்ட் என்பது பெரும்பாலும் உள்ளாட்சி மன்றம் ஆண்டு வாடகைக்கு விடும் சிறு தோட்டத் துண்டு. ஒருவர் தம் குடும்பத்துக்கு வேண்டிய காய்கறிகளை அதில் தாமே பயிரிட்டுக்கொள்ளலாம். 1908-ஆம் ஆண்டின் சிறு நிலங்கள், அலாட்மென்ட்கள் சட்டம் இம்முறைக்கு அடித்தளமானது. முழு அளவுத் துண்டு என்பது பழைய கணக்கில் 10 'ராடு', அதாவது ஏறத்தாழ 250 சதுர மீட்டர். இப்போது பல இடங்களில் அதைப் பாதியாக்கித் தருகிறார்கள். இவ்வளவு சிறிய இடத்தில் உண்ண முடியாத ஒரு செடிக்கு இரண்டு மூன்று சதுர மீட்டர் ஒதுக்குவது தகுமா என்பது நியாயமான கேள்வி. விடை, எந்த வகையை நடுகிறோம், எங்கே நடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

ரஷ்யக் காம்ஃப்ரியும் பாக்கிங் 14-உம்

தோட்டக்காரர்கள் வளர்ப்பது பெரும்பாலும் காட்டுச் செடியை அல்ல. அதற்கும் முட்காம்ஃப்ரி எனப்படும் சிம்பைட்டம் ஆஸ்பெரம் என்ற இனத்துக்கும் பிறந்த கலப்பினத்தை. இது ரஷ்யக் காம்ஃப்ரி எனப்படுகிறது. எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தின் காகஷால் ஊரைச் சேர்ந்த ஹென்றி டபுள்டே (1810–1902) 1870-களில் இதை ரஷ்யாவிலிருந்து தருவித்தார். அவர் தேடியது உரமன்று, பசை. அஞ்சல்தலையின் பின்புறம் தடவும் பசைக்கு இச்செடியின் கொழகொழப்பான சாறு உதவும் என்று எண்ணினார். பசை கைகூடவில்லை. ஆனால் செடி வளர்ந்த வேகம் அவரைக் கவர்ந்துவிட்டது. எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதியை அதை ஆராய்வதிலேயே செலவிட்டார். இவருடைய உறவினரான பூச்சியியல் அறிஞர் ஒருவருக்கும் ஹென்றி டபுள்டே என்றே பெயர். இருவரையும் ஒருவராகக் கொள்ளும் தவறு அவ்வப்போது நேர்கிறது.

டபுள்டேயின் பணி மறக்கப்பட்டிருந்த நிலையில், லாரன்ஸ் ஹில்ஸ் (1911–1990) என்ற தோட்டக்கலை எழுத்தாளர் 1950-களில் அதை மீண்டும் கையில் எடுத்தார். எஸ்ஸெக்ஸில் பாக்கிங் என்னும் ஊரில் நிலம் வாடகைக்கு எடுத்து, பல இடங்களிலிருந்து திரட்டிய காம்ஃப்ரி வகைகளை அருகருகே நட்டு, எண்ணிட்டு ஒப்பிட்டார். அங்கே அவர் தொடங்கிய அமைப்புக்கு ஹென்றி டபுள்டே ஆய்வுச் சங்கம் என்று பெயரிட்டார். அது 1985-இல் காவென்ட்ரி நகருக்கு அருகிலுள்ள ரைட்டனுக்கு இடம்பெயர்ந்தது; இன்று 'கார்டன் ஆர்கானிக்' என்ற பெயரில் இயங்குகிறது.

ஒப்பிட்ட வகைகளுள் பதினான்காம் எண்ணுக்குரியதே 'பாக்கிங் 14'. இதன் இலையில் சாம்பல்சத்து மிகுதி என்பது ஒரு சிறப்பு. அதைவிடப் பெரிய சிறப்பு, இது நடைமுறையில் விதை விடுவதில்லை. காட்டுக் காம்ஃப்ரி விதை சிந்தி அடுத்தவர் பாத்தி வரை பரவிவிடும். பாக்கிங் 14 நட்ட இடத்திலேயே நிற்கும். பக்கத்துத் துண்டுக்காரருடன் மனத்தாங்கல் வேண்டாம் என்பவர், பெயர் தெரியாத காம்ஃப்ரியை யார் இலவசமாகக் கொடுத்தாலும் நடாதிருப்பதே நல்லது.

சத்து எங்கிருந்து வருகிறது?

காம்ஃப்ரியைப் பற்றி அதிகம் சொல்லப்படும் செய்தி, அது ஆழ்மண்ணில் கிடக்கும் சத்துகளை வேரால் உறிஞ்சி மேலே கொண்டுவருகிறது என்பது. கேட்பதற்கு அழகாக இருக்கும் இக்கூற்றை ஆய்வுகள் உறுதியாக நிறுவவில்லை. வேர் ஆழம் போவது உண்மைதான். ஆனால் பெரும்பாலான செடிகள் தம் உணவில் பெரும்பகுதியை மேல்மண்ணிலிருந்தே எடுக்கின்றன. ஆழமான வேர் வறட்சியைத் தாங்க உதவுகிறது என்று சொல்வது பொருத்தம்.

இங்கே மாணவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வரப்பில் கிளைரிசிடியா வளர்த்து, அதன் தழையை வெட்டி நெல்வயலில் மிதிப்பது தமிழகத்தில் தெரிந்த முறை. கிளைரிசிடியா பயறுவகைக் குடும்பத்தது. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. ஆகவே வயலுக்குப் புதிதாகத் தழைச்சத்து சேர்கிறது. காம்ஃப்ரிக்கு அந்த ஆற்றல் கிடையாது. அது தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் மண்ணிலிருந்தே எடுக்கிறது. பொட்டாசியத்தை எந்தச் செடியும் உண்டாக்க முடியாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றத்தான் முடியும். காம்ஃப்ரி அந்த வேலையை மற்றச் செடிகளைவிட வேகமாகச் செய்கிறது, அவ்வளவே.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஆண்டுக்கு நான்கு முறை இலையை வெட்டிக்கொண்டு, செடிக்கு ஒன்றும் திருப்பித் தராவிட்டால் அந்த மூலை மண் வறண்டு போகும், விளைச்சலும் குறையும். வசந்தகாலத் தொடக்கத்தில் நன்கு தொழுவுரம் இடவேண்டும். காய்கறிப் பயிரைச் சுட்டுவிடும் அளவுக்கு வீரியமுள்ள கோழி எருவைக்கூட வளர்ந்த காம்ஃப்ரி தாங்கிக்கொள்ளும். நேரடியாகப் பயிருக்கு இடமுடியாத எருவைப் பக்குவமான உரமாக மாற்றித் தரும் இடைச்செடி என்று காம்ஃப்ரியைக் கருதுவது உண்மைக்கு மிக நெருங்கிய விளக்கமாகும்.

நடவும் அறுவடையும்

விதை இல்லாததால் பாக்கிங் 14 வேர்த்துண்டுகளால் பெருக்கப்படுகிறது. விரல்நீளத் துண்டு போதும். மார்ச் முதல் மே வரை நடலாம். செப்டம்பரும் ஏற்ற மாதமே. துண்டுகளைச் சுமார் 5 செ.மீ. ஆழத்தில், 60 முதல் 90 செ.மீ. இடைவெளியில் புதைக்க வேண்டும். முளை இருந்தால் அதன் நுனி மண்மட்டத்துக்குச் சற்றே கீழே இருக்கட்டும். சிறிது நிழல் விழும் இடமும் ஆகும், களிமண்ணும் ஆகும். சுண்ணாம்புப் பாறையின்மேல் மெல்லியதாக மண் படிந்த நிலம் மட்டும் இதற்கு ஒத்துவராது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் மிகுந்த நிதானம் தேவை. ஒருமுறை வேரூன்றிவிட்டால் காம்ஃப்ரி இருபது ஆண்டுகூட அங்கேயே இருக்கும். அதைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்க முயன்றால் இரண்டு இடத்திலும் வளரும். எனவே பாத்திகளுக்கு நடுவே நடாமல், உரக்குழியின் அருகில் அல்லது வேலியோரத்தில் நடுவது வழக்கம்.

முதல் ஆண்டில் இலை வெட்டக்கூடாது. பூத்தண்டு வந்தால் அதை மட்டும் கிள்ளிவிடலாம். இரண்டாம் ஆண்டிலிருந்து, செடி 60 செ.மீ. உயரம் எட்டியதும், பூப்பதற்குச் சற்று முன்பாக, தரையிலிருந்து 5 செ.மீ. விட்டு வெட்டலாம். சில வாரங்களில் மீண்டும் தழைத்துவிடும். இவ்வாறு ஆண்டுக்கு நான்கு முறை, நல்ல பருவத்தில் ஐந்து முறைகூட வெட்டலாம். செப்டம்பருக்குப் பின் வெட்டாமல் விட்டால்தான் வேர் குளிர்காலத்துக்கு வேண்டியதைச் சேமிக்கும். குளிரில் இலைகள் முழுவதும் மடிந்துவிடும். புதியவர்கள் செடி செத்துவிட்டது என்று நினைப்பதுண்டு. மார்ச்சில் அதே இடத்தில் துளிர்க்கும். வெட்டும்போது கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிவது நல்லது. இலைமயிர்கள் தோலில் பட்டால் அரிக்கும்.

உரமாக்கும் முறைகள்

பரவலான முறை, இலையை ஊறவைத்து நீர்மஉரம் எடுப்பது. ஒரு கிலோ இலைக்கு 15 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் மூடியுள்ள பீப்பாயில் போட்டு, நான்கு முதல் ஆறு வாரம் விட்டு, வடிகட்டி அப்படியே ஊற்றலாம். மூடி கட்டாயம் வேண்டும். புரதம் மிகுந்த இலை காற்றில்லாமல் அழுகும்போது எழும் நாற்றத்தை ஒருமுறை நுகர்ந்தவர் மறக்கமாட்டார். அருகில் வீடுகள் உள்ள துண்டுகளில் இதனாலேயே புகார் எழுவதுண்டு.

நாற்றம் குறைந்த முறையும் உள்ளது. அடியில் துளையிட்ட வாளியில் தண்ணீர் சேர்க்காமல் இலையைத் திணித்து, மேலே செங்கல் ஒன்றைப் பாரமாக வைத்து, துளையின் கீழ் ஒரு பாத்திரத்தை வைக்க வேண்டும். சில வாரங்களில் கரிய சாறு சொட்டத் தொடங்கும். அது செறிவானது, ஒரு பங்கு சாற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு தண்ணீர் கலந்தே பயன்படுத்த வேண்டும். சாற்றைச் சேமிக்கும் புட்டியில் பெயரெழுதி ஒட்டிப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைப்பது அவசியம்.

இந்த நீர்மம் சாம்பல்சத்து மிகுந்தது என்பதால் தக்காளி, மிளகாய், வெள்ளரி, அவரை போன்ற காய்க்கும் பயிர்களுக்கு ஏற்றது. தக்காளியில் முதல் கொத்து பிஞ்சு பிடித்தபின் ஊற்றத் தொடங்குவது வழக்கம். இளம் நாற்றுக்கும் கீரைவகைகளுக்கும் இது முதல் தேர்வன்று; அவற்றுக்குத் தழைச்சத்து மிகுந்த நெட்டில் என்னும் சுணைச்செடியின் ஊறல் நீர் பொருத்தம்.

இலையை நேரடியாகவும் பயன்படுத்தலாம். தக்காளி, பெர்ரிச் செடிகளின் அடியில் மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காக்கும், மட்கிச் சத்தும் தரும். நார் குறைவாக இருப்பதால் இலை விரைவில் மட்கிவிடும். காய்ந்த சருகு நிறைந்த மக்குக் குவியலில் இடையிடையே மெல்லிய அடுக்காகப் போட்டால் குவியல் சூடேறி வேகமாக மட்கும். உருளைக்கிழங்கு நடும் பள்ளத்தில், ஓரிரு நாள் வாடவிட்ட இலையைப் பரப்பி அதன்மேல் கிழங்கை வைப்பதும் உண்டு. இதில் ஒரு சிக்கல்: முதற்பருவ உருளைக்கிழங்கு நடும் மார்ச் இறுதியில் காம்ஃப்ரி வெட்டும் அளவுக்கு வளர்ந்திருக்காது. பின்பருவ ரகங்களுக்கே இம்முறை கைகொடுக்கும். தண்டைப் பள்ளத்தில் போட்டால் அது வேர்விட வாய்ப்புண்டு. இலையை மட்டுமே போடவேண்டும்.

உண்ணலாமா?

கூடாது. இதில் ஐயத்துக்கு இடமில்லை.

காம்ஃப்ரிக்கு ஆங்கிலத்தில் 'எலும்பு பொருத்தி' என்று பொருள்படும் நாட்டுப்பெயர் உண்டு. முறிந்த எலும்பின்மேல் வேரை அரைத்துப் பற்றுப்போடுவது பழைய வழக்கம். சிம்பைட்டம் என்ற பெயரே 'ஒன்றுசேர்தல்' என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. செடியில் உள்ள அலன்டாயின் என்ற பொருள் புதிய உயிரணு வளர்ச்சியைத் தூண்டுவது. இந்தப் புகழால் 20-ஆம் நூற்றாண்டிலும் இலையைத் தேநீராகக் குடித்தனர், கீரையாகச் சமைத்தனர்.

ஆனால் இதே செடியில் பைரோலிசிடின் அல்கலாய்டுகள் என்ற நச்சுப்பொருள்களும் உள்ளன. இவை கல்லீரலின் நுண்ணிய இரத்தநாளங்களை அடைத்து அதைச் சிதைக்கின்றன. இலையைவிட வேரிலும், முதிர்ந்த இலையைவிடத் தளிரிலும் இவை அதிகம். 1978-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், காம்ஃப்ரி கலந்த உணவு தரப்பட்ட எலிகளுக்குக் கல்லீரல் கட்டிகள் தோன்றியதை வெளியிட்டனர். காம்ஃப்ரித் தேநீரும் மாத்திரையும் தொடர்ந்து உட்கொண்ட மனிதர்களின் கல்லீரல் பழுதான நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. 2001-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், உட்கொள்ளும் காம்ஃப்ரித் தயாரிப்புகளைச் சந்தையிலிருந்து விலக்குமாறு அறிவுறுத்தியது. மூலிகை என்ற பெயரில் இணையத்தில் இன்றும் விற்கப்படுவதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. தோலில் புண் இருந்தால் இதன் களிம்பையும் தடவக்கூடாது.

மற்றோர் ஆபத்தும் உண்டு. பூக்காத நிலையில் காம்ஃப்ரியின் இலை, இதயத்தைத் தாக்கும் நச்சுச்செடியான ஃபாக்ஸ்குளோவின் இலையைப் போலவே தோன்றும். ஒன்றை மற்றொன்றாக எண்ணித் தேநீர் காய்ச்சிக் குடித்தவர்கள் நஞ்சேறி மருத்துவமனை சென்ற நிகழ்வுகள் உள்ளன.

பூக்களும் பூச்சிகளும்

காம்ஃப்ரிப் பூக்கள் பம்பிள் தேனீக்களுக்கு மிகவும் பிடித்தவை. குழல் ஆழமாக இருப்பதால், நீண்ட நாக்குள்ள இனங்கள் வாய்வழியே தேன் எடுக்கும். குட்டை நாக்குள்ளவை பூவின் அடியில் துளையிட்டுத் திருடிவிடும். உரத்துக்காகப் பூக்குமுன் வெட்டுவோர் இரண்டொரு செடிகளைப் பூக்கவிட்டால் இக்காட்சியைக் காணலாம்.

அகற்றுதல்

துண்டு கைமாறும்போது காம்ஃப்ரியும் அதனுடன் போகிறது. நட்டவர் வாடகையை விட்டுவிட்டுச் சென்றபின், புதிதாக வருபவர் கேரட் போட நினைத்த இடத்தில் அது நிற்கும். அவர் ரோட்டவேட்டர் கொண்டு உழுதால் ஒரு செடி ஐம்பது செடியாகும். வெட்டுண்ட ஒவ்வொரு வேர்த்துண்டும் முளைக்கும். மண்வெட்டியால் ஆழத் தோண்டி, துண்டுகளைப் பொறுக்கியெடுத்து, மீண்டும் துளிர்ப்பவற்றை விடாமல் நீக்குவது ஒரு வழி. தழையை ஒட்ட வெட்டிக் கறுப்புத் தார்ப்பாயால் ஓராண்டுக்கு மேல் வெளிச்சமின்றி மூடிவைப்பது மற்றொரு வழி. தோண்டிய வேரை அப்படியே மக்குக் குவியலில் போட்டால் அங்கும் முளைத்துவிடும். நீர்மஉரப் பீப்பாயிலேயே அதைப் பல வாரங்கள் மூழ்கவிட்டு, முழுவதும் அழுகிக் கூழான பிறகு குவியலில் சேர்க்கலாம்.