வாடகைக் காரில் ஜொகூருக்கு

சிங்கப்பூரின் வடகோடியில் உள்ள உட்லண்ட்ஸையும் மலேசியாவின் ஜொகூர் பாரு நகரையும் இணைக்கும் கடற்பாலம் ஒரு கிலோமீட்டரைச் சிறிதே மிஞ்சும் நீளமுடையது. 1924-ஆம் ஆண்டில் முறைப்படி திறந்துவைக்கப்பட்ட அந்தப் பாலத்தை நடந்தே கால்மணி நேரத்தில் கடந்துவிடலாம் என்றாலும், 1965-இல் சிங்கப்பூர் தனி நாடானபின் அக்கரையில் சர்க்கார் வேறு, நாணயம் வேறு, சட்டம் வேறு என்றாகிவிட்டது. விடுமுறைக்குச் சிங்கப்பூர் செல்லும் நம்மவருள் பலர், அங்கே ஒரு காரை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு மலாக்கா, கோலாலம்பூர், பினாங்கு என்று தாமே ஓட்டிச் செல்ல ஆசைப்படுகின்றனர். அந்த ஆசையை நான் மனமார ஆதரிக்கிறேன். நம் நாட்டைப் போலவே இரு நாடுகளிலும் இடப்பக்கமாகத்தான் வண்டி ஓட்ட வேண்டும். ஜொகூர் பாருவிலிருந்து தாய்லாந்து எல்லை வரை தீபகற்பத்தின் நெடுக ஓடும் வடக்கு-தெற்கு விரைவுச்சாலை, குடும்பத்தோடு நிதானமாகப் பிரயாணம் செய்வதற்கு மிகவும் உகந்தது. நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஓராண்டுக்கு வழங்கும் சர்வதேச ஓட்டுநர் அநுமதியை அசல் உரிமத்தோடு வைத்திருந்தால், ஓட்டுவதற்கும் ஆக்ஷேபம் எழாது.

ஆனால் அந்த எல்லையில் மனிதரைச் சோதிப்பது ஒன்று, வண்டியைச் சோதிப்பது மற்றொன்று. நம் பாஸ்போர்ட்டில் எத்தனை முத்திரைகள் இருப்பினும் அவை காருக்கு உதவா. வாடகை கொடுத்தவர் பெறுவது உபயோகிக்கும் உரிமை மட்டுமே. அவ்வுரிமையும் ஒப்பந்தத்தில் கண்ட நிலப்பரப்போடு முடிந்துவிடுகிறது. இரவல் நகையை அசலூர்க் கல்யாணத்துக்கு அணிந்து செல்பவள், அதை உடையவளிடம் சொல்லிவிட்டுப் புறப்படுவதுதானே மரியாதை? இங்கே மரியாதையோடு பெருந்தொகையும் சம்பந்தப்பட்டிருக்கிறது. உடையவரின் அநுமதியின்றி எல்லை கடந்த காருக்கு விபத்து நேருமாயின், இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு விலகிவிடக்கூடும். அப்போது காரின் சேதமும் எதிராளியின் நஷ்டமும் விடுமுறைக்கு வந்தவர் தலையில் விழும். ஆகையால் மலேசியாவுக்குச் செல்லும் உத்தேசத்தை முன்பதிவின்போதே தெரிவித்து, எந்த எல்லை வரை செல்லலாம், அதிகக் கட்டணம் எவ்வளவு, அக்கரையில் வண்டி பழுதுபட்டால் இழுத்து வரும் செலவு யாரைச் சேரும் என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்வது அவசியம். வாய்மொழி உறுதி எத்தனை இனிமையாகச் சொல்லப்பட்டாலும், சாலையோரத்தில் நிற்கும்போது அது துணைக்கு வராது.

மலேசிய சர்க்காரின் நிபந்தனையும் ஒன்றுண்டு. தரைவழியே நுழையும் சிங்கப்பூர்ப் பதிவுள்ள கார்கள், வாகன நுழைவு அநுமதி பெற்று, அதற்குரிய மின்னணு ஒட்டுவில்லையைத் தாங்கியிருக்க வேண்டும் என்ற விதி 2024 அக்டோபரில் அமலுக்கு வந்தது. 2025 ஜூலை முதல், அது இல்லாத வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். இதைக் காரின் உடைமையாளர்தான் முன்கூட்டிப் பெற்றிருக்க வேண்டுமாதலால், சாவியை வாங்கும்போதே ஒட்டுவில்லை இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நலம். இது தவிர, நுழையும் ஒவ்வொரு முறையும் சாலைக் கட்டணமாக 20 ரிங்கிட் செலுத்த வேண்டும்.

எல்லா விதிகளிலும் புதியவர்களைத் திகைக்கவைப்பது பெட்ரோல் பற்றியதே. சிங்கப்பூர்ப் பதிவுள்ள கார் அந்நாட்டை விட்டு வெளியேறும்போது அதன் எரிபொருள் தொட்டி முக்கால் பங்கேனும் நிறைந்திருக்க வேண்டும். குறைந்திருந்தால் அபராதம் விதித்துத் திருப்பி அனுப்ப அதிகாரிகளுக்கு உரிமையுண்டு. 1989-இல் பாதித் தொட்டி என்று தொடங்கிய இந்த விதி 1991-இல் முக்காலாக உயர்ந்தது. சிங்கப்பூரில் பெட்ரோலுக்கு வரி மிகுதி. மலேசியாவிலோ விலை மிகக் குறைவு. வெறுந்தொட்டியோடு போய் அங்கே நிரப்பி வந்தால் வரி வருமானம் கரைந்துபோகும் என்பதே காரணம். மலேசியாவும் தன் பங்குக்கு, உள்நாட்டு மக்களுக்காக விலை குறைத்து விற்கும் ரான் 95 பெட்ரோலை வெளிநாட்டு வண்டிகளுக்கு ஊற்றக் கூடாது என்று 2010 முதல் தடுத்திருக்கிறது. வாடகைக் காரில் வந்தவர் ரான் 97-ஐத்தான் நாட வேண்டும். இரண்டு சர்க்கார்களும் தத்தம் மக்களின் பணத்தைக் காக்கச் செய்த இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை தோன்றவில்லை. விருந்தாளியாகச் செல்பவர் அதற்கு மனமுவந்து கட்டுப்படுவதே முறை.

மறுதிசைப் பிரயாணம் இத்தனை சுலபமன்று. கோலாலம்பூரில் வாடகைக்கு எடுத்த காரைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகப் பல நிறுவனங்கள் சம்மதிப்பதில்லை. சம்மதம் கிடைத்தாலும், சிங்கப்பூரில் குடியிருப்பவர்கள் வெளிநாட்டுப் பதிவுள்ள காரை அங்கே ஓட்டக் கூடாது என்பது சட்டம். எனவே வழி நன்கு தெரியுமென்று அங்கே வேலைபார்க்கும் மருமகனிடமோ தம்பியிடமோ வண்டியை ஓட்டக் கொடுப்பது கூடவே கூடாது.

இனி, வடக்கே சென்றவர்களுக்குத் தாய்லாந்தையும் எட்டிப் பார்க்கும் ஆவல் எழுவது இயல்பு. சிங்கப்பூரின் சொந்தக் கார்களுக்குரிய இன்ஷூரன்ஸ் பத்திரங்களில் தாய்லாந்து எல்லைக்கு அப்பால் 80 கிலோமீட்டர் வரை பாதுகாப்பு நீள்வது வழக்கமாயினும், வாடகைக் காருக்கு அது பொருந்துமென்று கருதிவிடலாகாது. தாய்லாந்துச் சட்டம் கட்டாயமாக்கிய இன்ஷூரன்ஸை வேறு தனியே வாங்க வேண்டும். என் அபிப்பிராயத்தில், காரை அலோர் ஸ்டார் நகரில் பத்திரமாக நிறுத்திவிட்டு, பாடாங் பெசார் வரை ரயிலில் போவதே சிலாக்கியம். அந்த ரயில் நிலையத்தில் இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஒரே கட்டடத்தில் முடிந்துவிடும். அங்கிருந்து ஹாட் யாய்க்கு வேறு ரயில் புறப்படுகிறது.